எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: செட்டிநாட்டுச் சமையல்கட்டுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லி, நாள் குறிக்கும் நிலையில் இருப்பவர்களுக்காகவும், அவர்களுக்கு வீட்டில் சமைத்துக் கொடுக்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும்) அறுவை செய்துகொண்டவள். அதற்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து உறவினர் பலருக்கு உடனிருந்து பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் கொடுக்கும் உணவுத்தாளில் ஓட்ஸும் பிராக்கோலி சூப்பும் இருக்கும். நம் வீட்டு அடுப்பில் இருப்பதோ இளங்குழம்பும் மண்டியும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். உங்கள் மருத்துவர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

1. நாள் குறிக்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 155 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 84 கிலோ என்றால் 35. 96 கிலோ என்றால் 40. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், 35க்கு மேல் உள்ள எவருக்கும் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5க்கு மேலேயே அதைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் பொதுவிதி இதைவிடக் கடுமையானது: 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருந்தால் 35. மருத்துவர் தகுதி என்று சொன்னதாலேயே காப்பீடு கிடைத்துவிடும் என்று நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து எந்த அறுவை என்ற கேள்வி. ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி எடுக்கப்படுகிறது. அதைத் திரும்பப் பொருத்த முடியாது. பைபாஸில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் நெடுநாளாக உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடக்கூடும் என்பதால் என்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. வயிற்று ஸ்கேன், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் இப்போதே பாருங்கள். ஏற்கெனவே உள்ள குறையை அறுவைக்குப் பிறகு சரிசெய்வது இரட்டிப்புக் கடினம்.

புகை, வெற்றிலையோடு போடும் புகையிலை இரண்டையும் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தையல் ஆறுவதையும் நுரையீரலையும் அவை கெடுக்கின்றன. வெற்றிலைப் பழக்கத்தை யாரும் மருத்துவரிடம் தாமாகச் சொல்வதில்லை; சொல்லுங்கள்.

இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் பெரும்பாலோர் அறுவை செய்துகொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனவுடன் ஊருக்குத் திரும்பாமல், மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ முதல் மறுபரிசோதனை முடியும்வரை தங்குவதற்கு இப்போதே ஏற்பாடு செய்வது நல்லது. அதன் காரணம் ஐந்தாம் பகுதியில் வருகிறது.

2. முந்தைய இரண்டு வாரம்

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம், நாளுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் அடங்கும் உணவைக் கொடுப்பார்கள். எடையைக் குறைத்துக் காட்டுவதற்கான சோதனை என்று பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையான காரணம் கல்லீரல். கொழுப்புப் படிந்து பருத்த கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வேலை செய்ய வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்குகிறது. இந்த இரண்டு வாரமும் உங்கள் உடலுக்கு மட்டுமன்றி, அறுவை செய்பவரின் கைக்கு இடம் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான்.

இங்கே நான் அதிகம் பார்க்கும் பிழை, ‘இனிமேல் சாப்பிட முடியாதே’ என்று வீடு வீடாக நடக்கும் விருந்து. கடைசி வாரத்தில் கோழி வருவலும் கந்தரப்பமும் வைத்து அனுப்பும் உறவினருக்கு அது பாசம், கல்லீரலுக்குக் கேடு.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இந்த உணவைத் தொடங்கும் முன்பே அளவைக் குறைப்பது பற்றிக் கேட்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்துபோகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளையும் மறக்காமல் காட்டுங்கள்.

3. சமையல்கட்டை முன்பே ஒழுங்கு செய்தல்

வேண்டியவை அதிகமில்லை: மிக்சியின் சின்ன ஜார், நுண்ணிய வடிகட்டி, மெல்லிய வெள்ளைத்துணி, 30 மி.லி. அளக்க இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி, ஒரு சிறு கிண்ணம், குழந்தைக் கரண்டி. குழந்தைக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை பல வீடுகளில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து, எவ்வளவு கொள்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டால் முதல் வாரத்துக்கு அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. பெரிய டம்ளரில் ஊற்றினால் கை தன்னையறியாமல் பெரிய மடக்கு எடுத்துவிடும்.

புரதத் தூளைப் பெரிய டப்பாவாக வாங்கி அடுக்காதீர்கள். அறுவைக்குப் பிறகு நாக்கின் ருசி மாறிவிடுகிறது. முன்பு பிடித்த வெனிலா பின்பு குமட்டும். சிறு பொட்டலங்களாக இரண்டு மூன்று ருசியில் வாங்கி, இனிப்பில்லாத ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அதை மோரிலும் பருப்புத் தண்ணீரிலும் கலக்கலாம்.

வீட்டில் சமைப்பவரே அறுவை செய்துகொள்ளப் போகிறார் என்றால், முதல் மாதம் அடுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தாளிப்பு வாசனையே சிலருக்குக் குமட்டலைத் தரும் என்பது ஒரு காரணம். உப்புப் பார்க்கும் பழக்கம் மற்றொன்று. உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்கும் அந்தக் காரக் குழம்பும், வாயில் போட்டுப் பதம் பார்க்கும் கறித்துண்டும் முதல் வாரங்களில் தையலுக்கு ஆகாதவை. பின்னாளில் கணக்கில் வராத சாப்பாடு.

4. முதல் இரண்டு வாரம்: நீராகாரம் மட்டும்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்மங்கள். அதன்பின் இரண்டு வாரம்வரை வடிகட்டிய நீராகாரங்கள். பசி இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும், பசி இருந்தாலும் மெல்லும் எதையும் தொடக் கூடாது. உள்ளே இருக்கும் நீண்ட தையல் வரிசை ஆறும்வரை இரைப்பையைப் பிசைந்து வேலை செய்ய வைக்காமல் இருப்பதே நோக்கம்.

குடிக்கும் கணக்கு எளிது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை 30 மி.லி.; மணிக்கு 120 மி.லி. காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிவரை விடாமல் குடித்தால் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். காலையில் விட்டதை மாலையில் ஈடுகட்ட முடியாது. சிறுத்த இரைப்பை அதை ஏற்காது. எங்கள் ஊர் வெயிலில் சிறுநீர் அடர்மஞ்சளானால் அன்றே கவனிக்க வேண்டும், ஏனென்றால் முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனையில் சேர்வதற்கு நீர் வற்றுவது ஒரு முக்கியக் காரணம்.

எவற்றைக் குடிக்கலாம்: மிளகாய் போடாத, நெய் மிதக்காத தெளிந்த ரசம், துவரம்பருப்பையோ பாசிப்பருப்பையோ குழைய வேகவைத்து வடித்த நீர், நீர்மோர், ஆடை நீக்கிய பால், புரதத் தூள் கரைத்தது. பால் வயிற்றைப் புரட்டினால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள், மோருக்கு மாறலாம். சோடா, கோலி சோடா, குளிர்பானம் எதுவும் வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் வருவது அதுதான். சீரகம், நான்கைந்து மிளகு, சின்ன வெங்காயம் மட்டும் போட்டு வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வையுங்கள். காலையில் மேலே வெண்மையாக ஒரு தட்டுக் கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் இருப்பதைச் சுடவைத்துத் துணியில் வடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் அதில் இருப்பது நீரும் உப்பும் கொஞ்சம் ஜெலட்டினும்தான். எலும்புச் சாறு குடித்தால் பலம் வந்துவிடும் என்று நாள் முழுதும் அதையே கொடுத்துப் புரதத் தூளை ஒதுக்குவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய பிழை. அரிசிக் கஞ்சியும் அப்படித்தான். வயிற்றை நிரப்பும், தசையைக் காக்காது.

அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். வீட்டுக்கு வந்த பிறகும் முகப்பிலிருந்து பின்கட்டுவரை மெதுவாக நடந்துகொண்டிருங்கள். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம்வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ளது.

5. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத்திணறல்: இவற்றில் எது வந்தாலும் தையல் கசிவா, நுரையீரலில் உறைகட்டியா என்று உடனே பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரியவரும். காய்ச்சலுக்கு முன்பே நாடி வேகமெடுப்பது உண்டு. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலும் தாமதிக்காதீர்கள். அருகில் தங்கச் சொன்னது இதற்காகத்தான்.

வாந்தி விடாமல் இருந்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டிரிப்ஸ் போட்டுக்கொண்டு வருவது நம் பக்கத்து வழக்கம். இங்கே அது ஆபத்தாகக்கூடும். பல நாள் வாந்தியில் தயாமின் என்னும் பி1 சத்து உடலில் தீர்ந்துபோகிறது. அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, பார்வை தடுமாற்றம், நடை தள்ளாட்டம், நினைவுக் குழப்பம் என மூளை பாதிக்கப்படலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயாமின் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். நோயாளி மயங்கியிருந்தால் உடன்வந்தவர் காட்டுவதற்கு உதவும்.

மருந்துக்கடையில் உடம்பு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பைபாஸ் இணைப்பில் புண் வருவதற்கு இவை முக்கியக் காரணம். பாராசிட்டமால் போதும்.

6. மசித்தது, பிறகு மென்மையானது

மூன்றாம் வாரத்தில் மசியல் தொடங்கும். நன்கு மசித்த பருப்பு, அவித்து நசுக்கிய முட்டை, முள்ளில்லாமல் ஆவியில் வேகவைத்து உதிர்த்த மீன், பனீர்த் துருவல், எண்ணெயும் மிளகாயும் குறைத்துச் செய்த கோசமல்லி (கத்தரிக்காய் மசியல்) ஆகியவை நன்றாக இறங்கும். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. ஐந்தாம் வாரம் வாக்கில் மெல்லக்கூடிய மென்மையான உணவு. எட்டு வாரத்துக்குள் பெரும்பாலோர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். காரத்தை ஆறாம் வாரத்துக்குப் பின் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

இப்போதிருந்து வாழ்நாள் முழுதும் ஒரு வரிசை உண்டு: முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் சோறோ இட்லியோ. இரைப்பையில் இடம் சிறிது என்பதால் முதலில் போவதுதான் உடலில் சேரும். நம் இலையில் சோறு நடுவிலும் மற்றவை ஓரத்திலும் இருப்பதால் இந்த வரிசை கைக்கு வர மாதக்கணக்காகும்.

சாப்பிடும்போதும், முடித்து அரை மணி நேரம்வரையும், தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பாடு நீரோடு கரைந்து சீக்கிரம் இறங்கிவிட்டால் நிறைவு நிற்காது. முதல் மாதங்களில் இடமின்றி மேலே எதுக்களிக்கவும் செய்யும். டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு ரசஞ்சோறும் மோர்ச்சோறும் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த விதி புரியவில்லை என்றே பொருள். ரசமும் மோரும் நீர்தான். அவற்றைத் தனிவேளையாகக் குடியுங்கள்.

தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும் உணவுகளை முன்பே அறிந்துகொள்ள வேண்டும். மென்றாலும் மீண்டும் ஒட்டிக்கொண்டு உருளையாகும் இடியாப்பம், சூடாறி ரப்பர் போலான தோசை, குழைந்த சோறு, நாட்டுக்கோழியின் நார்ச்சதை, ஈரமே இல்லாமல் சுண்டிய உப்புக்கறி ஆகியவை எங்கள் பக்கத்தில் முதலிடம் பிடிப்பவை. சிக்கினால் நெஞ்சுக்குழியில் இறுக்கமும் வாயில் நுரைநுரையாக எச்சிலும் வரும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தால் வலி கூடும். எழுந்து நடந்து, எச்சிலைத் துப்பிக்கொண்டு காத்திருங்கள். சில மணி நேரத்துக்கும் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு வேளையை 20 முதல் 30 நிமிடம் எடுத்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் இது வராது. நடுநெஞ்சில் கனம் தெரிந்தவுடன் கையை நிறுத்துங்கள். அதன்பின் ஒரு வாய் அதிகம்.

7. புரதக் கணக்கும் மாத்திரைகளும்

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, ஒரு டம்ளர் பாலில் 6, 50 கிராம் பனீரில் 9, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 என்று கூட்டினால் 55 வரும். மிச்சத்தைப் பருப்பும் தூளும் நிரப்பும். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் அசைவம் இல்லாத வீடுகளில் அன்றைய கணக்கு பாதியாகச் சரிந்துவிடும் என்பதால், அந்த நாட்களுக்குச் சோயாவும் பனீரும் சுண்டலும் முன்பே திட்டமிட்டு வையுங்கள். முதல் ஆண்டில் முழுப் பட்டினி விரதம் வேண்டாம். பழனிப் பாதயாத்திரைக்குப் போகும் வீட்டார் முதல் தைப்பூசத்தை விட்டுவிட்டு, இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். நாள்கணக்கில் நடந்தபடி இந்த அளவு நீரும் புரதமும் உள்ளே தள்ளுவது ஆகிற காரியமில்லை.

மல்டிவைட்டமின், இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுளுக்கும் உண்டு. கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி.; அமிலம் குறைந்த இரைப்பையிலும் கரையும் என்பதால் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம் இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது. இரும்பு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்குவது பயனற்றது. பித்தப்பையில் கல் சேராமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதைப் பாதியில் விடாதீர்கள். 3, 6, 12 மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டில், எடை குறைந்து உடம்பு நன்றாக இருக்கும்போதுதான், மாத்திரையை மறக்கிறார்கள். குறை மெதுவாக வளர்ந்து மூன்றாம் ஆண்டில் சோர்வாகவும் கால் மரப்பாகவும் வெளிப்படுகிறது.

8. பந்தியும் பலகாரமும்

கல்யாணப் பந்தியில் உட்காருவதைவிட, சாதாரணமாக ஒரு வீட்டுக்குப் போய் இடைப்பலகாரத்தைத் தவிர்ப்பது கடினம். “ரெண்டே ரெண்டு பணியாரம்தானே, சின்னதாத்தான் ஊத்தியிருக்கேன், சாப்பிடுங்க ஆச்சி” என்று கையில் தட்டோடு நிற்பவரிடம் இரைப்பைக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. ‘வேண்டாம்’ என்பதைவிட ‘இப்போதுதான் மாத்திரை போட்டேன், ஒரு மணி நேரம் ஆகணும்’ என்பது எடுபடுகிறது. மோர் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்ல வழி. வெறுங்கையோடு இருப்பவரைத்தான் உபசரிப்பார்கள்.

பால் பணியாரமோ ஆடிக்கும்மாயமோ ஒரு கிண்ணம் உள்ளே போனால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, 10 முதல் 30 நிமிடத்தில் வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வியர்வை, பேதி வரலாம். இதை டம்பிங் என்கிறார்கள். செறிந்த சர்க்கரை குடலுக்குள் சட்டென இறங்கி நீரை இழுப்பதால் வருவது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இதைவிட ஏமாற்றுபவை தேன்குழலும் கைமுறுக்கும் சீப்புச் சீடையும். மொறுமொறுப்பாக இருப்பவை மென்றதும் பொடியாகி, தடையின்றி இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு துண்டு மீனில் திணறும் அதே இரைப்பை, தொலைக்காட்சி பார்த்தபடி அரை டின் முறுக்கை ஏற்றுக்கொள்ளும். எடை திரும்பக் கூடிய வீடுகளில் நான் முதலில் கேட்பது, பலகார டின் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத்தான்.

மதுவைப் பற்றி ஒரே வரி: அது முன்பைவிட வேகமாக ஏறும், அதிகமாக ஏறும், புதிதாக அடிமைப்படுத்தவும் கூடும்.

9. எவ்வளவு எதிர்பார்க்கலாம்

ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 விழுக்காடும், பைபாஸில் சுமார் 30 விழுக்காடும் ஒன்றரை ஆண்டுக்குள் குறைவது சராசரி. 110 கிலோ இருப்பவர் 77 முதல் 83 கிலோ வாக்கில் நிற்பார் என்று பொருள். கல்யாணமான புதிதில் இருந்த 55 கிலோவுக்குத் திரும்பவேண்டும் என்று போகிறவர், நல்ல பலன் கிடைத்த பின்னும் தோற்றதாக எண்ணுவார்.

மூன்றிலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள் எடை இறங்காமல் அப்படியே நிற்கும். அதற்கு முன் கண்ட வேகம், உடல் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தும் அதோடு பிணைந்த நீரும் முதலில் கழிந்ததால் வந்தது. நின்றதும் சாப்பாட்டை மேலும் குறைத்துப் பட்டினி கிடப்பது தவறு. மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொத்தாக உதிரும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், எண்ணெய் மாற்றுவதால் பயனில்லை. கை, வயிற்றுத் தோல் தொங்கும். உடற்பயிற்சி அதை முழுதாகச் சரிசெய்யாது.

சர்க்கரை நோய் பலருக்கு முதல் வாரங்களிலேயே அடங்குகிறது. ஆனால் பல ஆண்டுகளாக நோயுள்ளவர்களுக்கும் இன்சுலின் எடுப்பவர்களுக்கும் அந்த வாய்ப்புக் குறைவு. அடங்கிய பின்பும் சோதனையை நிறுத்தக் கூடாது.

பெண்கள் 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது நின்றுபோன மாதவிடாய் சீராகித் திடீரெனக் கரு தங்குவது உண்டு. கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பின் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையைக் கேளுங்கள். பின்னர் கர்ப்பமானால், குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் சோதனைக்கு முன் அறுவை விவரத்தைச் சொல்லி மாற்றுச் சோதனை கேட்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் பின் சில கிலோ திரும்புவது இயல்பு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். ஏற்றம் தொடர்ந்தால் மூன்று நாள் வாயில் போட்டது அனைத்தையும், உப்புப் பார்த்தது உட்பட, நேரத்தோடு எழுதிக்கொண்டு உணவு ஆலோசகரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் அவர் முதல் சந்திப்பில் கேட்கப் போவதும் அந்தத் தாளைத்தான்.